அம்மாவைத் திருப்பி அனுப்பிய திகதி

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் என் அம்மா அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் உள்ளே விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 68. திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர்; உப்புவெளியில் எங்களுடன் இருக்கிறார். அவருடைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்த விசா 2024 வரை செல்லும் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. கட்டுநாயக்காவில் விமான நிறுவனத்தார் அதைப் பார்த்துத்தான் அவரை ஏற்றினார்கள்; இடையில் விமானம் மாறிய இடத்திலும் பார்த்தார்கள். எல்லோருக்கும் செல்லுபடியாகத் தெரிந்த அந்த விசா, சட்டத்தின் பார்வையில் இரண்டு வருடங்களுக்கு மேலாக வெறும் காகிதமாகிக் கிடந்தது என்பதை, அந்த நாட்டின் அதிகாரி ஒருவரின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் அம்மா முதன்முதலாக அறிந்தார்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது தம்பி, இனிப் போற ஆக்களுக்காவது தெரியட்டும்" என்றார். எங்கள் பக்கத்தில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வெளிநாடு போகும் தாய்மார் இப்போது வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லுமளவுக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய பயண ஏற்பாடு, டிக்கெட், படிவம் எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துவிடுவதால், தங்கள் பெயரில் ஓடுகிற சட்டக் கணக்கு என்ன என்பது அந்தத் தாய்மாருக்குத் தெரிவதேயில்லை.

அம்மா விதியை மீறவில்லை என்று வாதாட நான் வரவில்லை. அனுமதித்த நாளுக்கு மேல் அவர் அங்கே தங்கியது உண்மை. எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. மீறல் நடந்த நாளுக்கும், அவர் வாசலில் மறிக்கப்பட்ட நாளுக்கும் இடையில் கிடந்த அத்தனை காலத்திலும், "உங்கள் விசா இனிச் செல்லாது, இன்ன திகதி வரை நீங்கள் வர முடியாது, காரணம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி கூட அவருக்கு வந்து சேரவில்லை.

பெரும்பாலானோர் குழம்புவது இரண்டு திகதிகளுக்கு இடையில்தான். அமெரிக்க விசா என்பது அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அன்று. அதன் வாசல் வரை பயணம் செய்து, உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான அனுமதி மட்டுமே. எத்தனை நாள் இருக்கலாம் என்பதை, இறங்கிய பிறகு விமான நிலையத்தில் எல்லை அதிகாரி தீர்மானிக்கிறார். உறவினரைப் பார்க்கச் செல்வோருக்கு வழமையாக ஆறு மாதம் கிடைக்கும். அந்தத் திகதி ஐ-94 என்னும் பதிவில் ஏறுகிறது. 2013 வரை அது ஒரு சிறு அட்டையாகக் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கையில் தரப்பட்டது. அதன் பிறகு விமானத்தில் வருவோருக்கு அட்டை நிறுத்தப்பட்டு, பதிவு கணினிக்குள் போய்விட்டது. கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் அதைப் பார்க்கலாம். ஆனால் அப்படியொன்று இருக்கிறது என்று தெரிந்தவர்தான் தேடிப் பார்ப்பார். தெரியாதவருக்குக் கையில் இருப்பது விசா மட்டுமே, அதில் இருப்பது பல வருடங்களுக்கு அப்பால் உள்ள ஒரு திகதி.

அம்மாவின் பழைய கடவுச்சீட்டை இந்தக் கட்டுரைக்காக மீண்டும் எடுத்துப் பார்த்தேன். விசா ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்திருக்கிறது. அம்மாவின் படம், பெயர், பெரிய எழுத்தில் முடிவுத் திகதி, எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. நுழைவு முத்திரை வேறொரு பக்கத்தின் மூலையில், மை பாதி பிடிக்காமல், சற்றுச் சரிந்து குத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் அதிகாரி பேனாவால் எழுதிய வருகை வகையும் 2020 மே மாதத்துத் திகதியும், பக்கத்தின் அச்சுக் கோலங்களோடு கலந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் வாசிக்கக் கூடியதாக இருக்கின்றன. அம்மாவின் பிற்காலம் முழுவதையும் தீர்மானித்தது அந்த மங்கிய எழுத்துத்தான். பளிச்சென்ற பக்கம் அன்று.

அம்மா 2019 நவம்பரில் போனார். அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கு முதற்பிள்ளை. டிசெம்பர் கடைசியில் குழந்தை பிறந்தது. ஏப்ரல் முதற்கிழமையில் புறப்பட்டு, சித்திரைப் புத்தாண்டுக்கு இங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. திரும்பும் டிக்கெட் போகும்போதே எடுக்கப்பட்டிருந்தது. அதாவது, கொடுக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் நன்றாகவே அடங்கும் பயணம் அது. 2020 மார்ச் 19ஆம் திகதியோடு இலங்கை வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. மறுநாள் இங்கே ஊரடங்கு வந்தது. ஏப்ரல் டிக்கெட் இரத்தாயிற்று. வெளிநாடுகளில் நிற்கும் இலங்கையர் தங்களைப் பதிவு செய்வதற்கென்று அரசு ஒரு இணையத்தளத்தை நடத்தியது. தங்கை அம்மாவை அதில் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தாள். சிறப்பு விமானங்களில் இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. வழமையான பயணிகளுக்கு நாடு மீண்டும் திறக்கப்பட்டது 2021 ஜனவரி 21ஆம் திகதிதான். இதற்கிடையில் மே மாதம் வந்து போயிற்று.

அந்த நாட்களில் எங்கள் குடும்பத்துக்குள் நடந்த தொலைபேசிப் பேச்சுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. லண்டனில் இருக்கும் சித்தப்பா, "இப்ப எல்லா நாடும் விசாவை நீட்டித்தான் விட்டிருக்கு, யோசிக்காதேங்கோ" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களின் விசாக் காலத்தைப் பிரித்தானியா அந்த வருடம் ஜூலை 31 வரை நீட்டியிருந்தது. வேறு சில நாடுகளும் அவ்வாறே செய்தன. அமெரிக்கா அப்படிப் பொதுவாக நீட்டவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஐ-539 என்ற படிவத்தில் நீடிப்புக் கேட்க வேண்டும் என்பதே அங்கு நிலைப்பாடு. அப்போது அதற்கான கட்டணம் 370 டொலர், கைரேகைக்கு மேலும் 85 டொலர். கொடுத்த காலம் முடியும் முன் அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும் வரை அம்மாவின் இருப்பு மீறலாக எண்ணப்பட்டிருக்காது. பெருந்தொற்றின் காரணமாகப் பிந்தியிருந்தால் பிந்திய விண்ணப்பத்தையும் மன்னிக்கலாம் என்று குடிவரவுச் சேவை அறிவித்திருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. எங்கே கதவு என்று தெரிந்தவர்களுக்கு. கைக்குழந்தையையும் வீட்டிலிருந்தே செய்யும் வேலையையும் வைத்துக்கொண்டிருந்த தங்கையும் மச்சானும், விசாப் பக்கத்தில் 2024 என்று இருந்ததைப் பார்த்து, விமானம் கிடைப்பது ஒன்றுதான் கவலை என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மா டிசெம்பர் நடுப்பகுதியில் ஒரு சிறப்பு விமானத்தில் வந்து, தனிமைப்படுத்தல் முடித்து, புதுவருடத்தில் வீடு சேர்ந்தார். அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்டில் வெளியேறும் பயணிக்கு நம் நாட்டில் போலக் குடிவரவு மேசை கிடையாது. விமான நிறுவனம் கொடுக்கும் பயணிகள் பட்டியலே அப்போது பெரும்பாலும் வெளியேற்றத்தின் பதிவாக இருந்தது. ஒரு மேசை இருந்திருந்தால், அதில் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பின்னர் நடந்தவை நடந்திரா என்று இப்போதும் நினைக்கிறேன்.

சட்டம் அங்கே அமைதியாகத் தன் கணக்கை முடித்திருந்தது. 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி கையெழுத்தான குடிவரவுத் திருத்தச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, கொடுத்த திகதிக்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் அவர் வந்த விசா தானாகவே செல்லாததாகிவிடும். யாரும் அதை இரத்துச் செய்ய வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை, முத்திரை குத்த வேண்டியதில்லை. இரண்டாவது, அனுமதியின்றி இருந்த காலம் 180 நாட்களைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் இருந்தால், வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடம் நுழைய முடியாது. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து வருடம். மே மாத நடுப்பகுதியிலிருந்து எண்ணினால் நவம்பர் நடுவில் 180 நாள் முடிகிறது. அம்மா டிசெம்பரில் வந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி ஒரு விமானத்தில் இடம் கிடைத்திருந்தால், புதிய விசா கேட்க வேண்டியிருந்திருக்குமே தவிர, மூன்று வருடத் தடை வந்திராது. இடம் கொடுப்பது அம்மாவின் கையிலும் இருக்கவில்லை, அமெரிக்காவின் கையிலும் இருக்கவில்லை. ஆனால் நாட்கள் மட்டும் அம்மாவின் கணக்கில் ஏறின.

இனி 2022. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம். தங்கைக்கு இரண்டாவது பிள்ளை நவம்பரில் பிறக்கவிருந்தது. டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்து அனுப்பினாள். அம்மா இரண்டு கிழமையாகச் சரக்குச் சாமான் சேர்த்தார். மத்திய வீதியில் தனக்குத் தெரிந்த கடையில் திப்பிலி, ஓமம், வேர்க்கொம்பு, வாய்விடங்கம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, வெயிலில் காயப் போட்டு, வறுத்து இடித்து, பொலித்தீன் பைகளில் இரட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் தன் கரும்பலகை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். எத்தனையாம் நாளில் எந்தப் பத்தியக் கறி என்று ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தார், தனக்கு மறந்துவிடும் என்பதற்காக அல்ல, மச்சான் பார்த்துச் சமைக்கலாம் என்பதற்காக.

விமான நிலையத்தில் நடந்ததை அம்மா ஒரே தடவையில் சொல்லவில்லை. பல மாதங்களில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், துண்டு துண்டாகச் சொன்னவற்றைச் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் மேசையில் விரல்களை வைக்கச் சொன்னார்கள். அதிகாரி திரையைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். பிறகு வேறொருவர் வந்து அம்மாவை ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பல நாட்டவர் நாற்காலிகளில் இருந்தார்கள். கைத்தொலைபேசி பாவிக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும், பேசுவதற்குத் தயக்கம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். அந்தக் குரல் தமிழ்நாட்டுக் குரல் என்றும், அதைக் கேட்டதும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றும் அம்மா சொன்னார்.

கேள்விகள் ஒழுங்காக வந்தன. முன்பு எப்போது வந்தீர்கள், எப்போது போயிருக்க வேண்டும், ஏன் போகவில்லை, நீடிப்புக் கேட்டீர்களா, அந்தக் காலத்தில் வேலை செய்தீர்களா. கடைசிக் கேள்விக்கு அம்மா இல்லை என்றார். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்தேன், சமைத்தேன் என்றார். அதற்குச் சம்பளம் தந்தார்களா என்று கேட்கப்பட்டது. இந்த இடத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவார். பிள்ளைப் பராமரிப்பு என்ற பெயரில் வருகை விசாவில் வந்து வேலை செய்வோரைக் கண்டுபிடிப்பது அதிகாரியின் கடமை. அந்தக் கேள்வி சட்டப்படி இயல்பானது என்று நான் விளக்கியிருக்கிறேன். அம்மா அதை ஏற்றுக்கொள்கிறார். ஆனாலும், "என்ர பிள்ளையின்ர பிள்ளையைத் தூக்கினதுக்குக் காசு வாங்கினனீங்களோ எண்டு கேட்டவை தம்பி" என்று சொல்லும்போது அவருடைய முகம் இன்றும் மாறுகிறது. பயணப்பையைத் திறந்து சரக்குத்தூள் பைகளை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு வாய்விடங்கம் தெரியவில்லை. அம்மா அதன் பயனைப் பாடம் நடத்துவதுபோல விளக்கியிருக்கிறார்.

முடிவில் அவருக்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, அதிகாரியே உத்தரவிட்டு வெளியேற்றுவது. அந்த விரைவு வெளியேற்றத்தோடு புதிதாக ஐந்து வருடத் தடையும் வரும். மற்றது, நுழையும் விண்ணப்பத்தைத் தானே மீளப் பெற்றுக்கொண்டு திரும்புவது. இரண்டாவது வழியை அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம், பயணியின் உரிமை அன்று. அதை அனுமதித்த அந்த அதிகாரிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். வழக்கறிஞரைக் கூட வைத்திருக்கும் உரிமை அந்த மேசையில் பயணிக்குக் கிடையாது. எழுதிய வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மா கையொப்பமிட்டார். விசாவின் மேல் இரத்து என்று குத்தினார்கள். தண்ணீரும் போர்வையும் கொடுத்தார்கள். வெளியே பல மணி நேரமாக நின்ற மச்சானுக்கு அழைப்பெடுக்க விட்டார்கள். அவர்கள் மோசமாக நடத்தவில்லை என்பதையும் அம்மா எப்போதும் சேர்த்தே சொல்வார். அடுத்த விமானத்தில் ஏற்றும்போது கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்கவில்லை, விமானப் பணியாளரிடம் ஓர் உறைக்குள் கொடுத்தார்கள். அதுதான் தன்னைக் குற்றவாளியாக உணரவைத்தது என்றார்.

கட்டுநாயக்காவில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஹபரணை, கந்தளாய் வழியாக வீடு வந்து சேரும் வரை அவர் கேட்டது ஒன்றுதான்: தங்கையை யார் பார்ப்பார்கள்.

ஊருக்குள் அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாணவிகளும் அயலவரும் அமெரிக்கா போகிறீர்களாமே என்று வாழ்த்தி அனுப்பிய டீச்சர், அதே கிழமையில் வீட்டு வாசலில் நிற்பதை யாருக்கும் விளக்க முடியவில்லை. "சுகமில்லாமல் வந்திட்டா" என்று நாங்கள் சொல்லத் தொடங்கினோம். பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவர் மாதக்கணக்கில் போகவில்லை. திருப்பி அனுப்பினால் ஏதோ கள்ளத்தனம் செய்திருப்பார்கள் என்பதே எங்கள் ஊரில் பொதுவான எண்ணம். அம்மாவுக்கும் அதுவரை அந்த எண்ணமே இருந்திருக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்து விமான நிலையத்தோடு திரும்பி வந்த இளைஞர்களைப் பற்றி முன்பு தான் பேசிய சொற்களை நினைத்து வருந்துவதாக ஒரு நாள் சொன்னார்.

நான் ஒரு பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் வேலை செய்கிறேன். அதனால் இந்த விடயத்தை என்னால் ஒரு மகனாக மட்டும் பார்க்க முடியவில்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறோம். அவர் அதன் நிபந்தனையை மீறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்திரம் தானாகச் செத்துவிடாது. அதை இரத்துச் செய்வதற்கு முன், இன்ன நிபந்தனை மீறப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, இன்ன நாளில் வந்து காரணம் காட்டுங்கள் என்று அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் வந்து சொல்வதைப் பதிய வேண்டும். முடிவு பாதகமாக இருந்தால் மேன்முறையீடு உண்டு. இந்த மாவட்டத்தில் அந்த விசாரணைகளில் வந்து நிற்பவர்கள் பலர், காணியை விட்டு வருடக்கணக்கில் விலகியிருந்தவர்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால், போர் விரட்டிய வருடங்களைச் சொல்வார்கள்: 1990 என்பார்கள், 2006 என்பார்கள். மூதூர் கிழக்குக்காரர் ஒருவரிடம் 2006இல் ஏன் உங்கள் காணியில் இருக்கவில்லை என்று கேட்பதற்கு எனக்கே நா எழாது. ஆனாலும் கேட்கிறோம், அவர் சொல்கிறார், அது கோவையில் ஏறுகிறது.

இன்னும் ஒன்று. மற்றவர் காணியில் பத்து வருடம் தடையின்றி இருந்தால் உரிமை கோரலாம் என்ற ஆட்சியுரிமைக் கணக்கு நம் நாட்டில் பழையது. போரால் தன் காணிக்கு வர முடியாமற் போனவருக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடக் கூடாது என்பதற்காக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணிக்கையிலிருந்து விலக்க இடம் வைத்தது. நம் நாட்டுச் சட்டங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, நிர்வாகத்தைப் பற்றி அதைவிட அதிகம். ஆனால் ஒருவர் தன் கையில் இல்லாத காரணத்தால் நகர முடியாமல் நின்ற காலத்தில் அவருக்கு எதிராக நாள் எண்ணுவது நீதியாகாது என்ற எண்ணம் இங்கே எழுத்தில் இருக்கிறது. விமானமே இல்லாத மாதங்களை அம்மாவின் கணக்கில் ஏற்றிய சட்டத்தில் நான் தேடியதும் அந்த எண்ணத்தைத்தான்.

மற்ற நாடுகள் இதைவிட மென்மையானவை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பிரித்தானியாவில் 30 நாட்களுக்கு மேல் கூடுதலாகத் தங்கி, சொந்தச் செலவில் தானாக வெளியேறியவருக்கு ஒரு வருடத் தடை. விண்ணப்பத்தில் ஏமாற்றியவருக்குப் பத்து வருடம். அவுஸ்திரேலியாவில் 28 நாட்களுக்கு மேல் போனால் மூன்று வருடம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் எந்த 180 நாட்களிலும் 90 நாள் என்று எண்ணுகின்றன. 2025 ஒக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையோடும் முகப்படத்தோடும் கணினியே எண்ணத் தொடங்கியிருக்கிறது. குவைத் 2024இல் மார்ச் 17 முதல் சில மாதங்களுக்கும், ஐக்கிய அரபு அமீரகம் அதே வருடம் செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரைக்கும் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து, அபராதமின்றி வெளியேறுவோர் மீண்டும் வரலாம் என்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த அறிவிப்புகளை ஆவலோடு பார்த்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் நாடுகள் என்று நாம் சொல்லும் இடங்களில்கூட, இன்ன நாளுக்குள் வெளியேறுங்கள் என்று உரக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

மூன்று வருடத் தடை 2023 டிசெம்பரில் முடிந்தது. 2024இல் அம்மா புதிதாக விண்ணப்பிக்கத் தீர்மானித்தார். அப்போதுதான் நகரத்தில் விசா ஆலோசனை செய்யும் ஒருவர் எங்களைத் தேடி வந்து ஒரு வழி சொன்னார். பழைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது, புதியதில் ஒரு தடயமும் இல்லை, ஆகவே படிவத்தில் இல்லை என்று போட்டுவிடலாம் என்றார். இதை நம்பி எத்தனை பேர் தங்கள் வாழ்நாளைக் கெடுத்துக்கொண்டார்களோ என்று எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அமெரிக்க விசாப் படிவம் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேட்கிறது: கொடுத்த காலத்துக்கு மேல் தங்கியிருக்கிறீர்களா; எப்போதாவது விசா மறுக்கப்பட்டோ, நுழைவு மறுக்கப்பட்டோ, நுழையும் விண்ணப்பத்தை மீளப் பெற்றோ இருக்கிறீர்களா. பத்து விரல்களின் ரேகையும் அவர்களிடம் இருக்கும்போது கடவுச்சீட்டின் இலக்கம் மாறி என்ன பயன்? கூடுதலாகத் தங்கியதற்குத் தண்டனை மூன்று வருடம், அல்லது பத்து வருடம். அதற்கு முடிவு உண்டு. முக்கியமான ஒன்றை மறைத்துப் பொய் சொன்னதற்கான தடைக்கு முடிவே கிடையாது, விதிவிலக்குக் கிடைத்தாலன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும். அம்மா அந்த மனிதரை இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்து, இரண்டு கேள்விக்கும் ஆம் என்றுதான் எழுதுவேன் என்று சொல்லி அனுப்பினார். அப்படியே எழுதினார், காரணத்தை விளக்கும் பெட்டியில் 2020இன் கதையை, இரத்தான டிக்கெட்டின் திகதியோடு எழுதினோம்.

கட்டணம் 185 டொலர், திருப்பித் தரப்படாது. கொழும்பில் நேர்முகம் சில நிமிடங்களில் முடிந்தது. தடைக்காலம் முடிந்துவிட்டதை அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனாலும் விசா மறுக்கப்பட்டது. அந்த நாட்டின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், வருகை விசாக் கேட்கும் ஒவ்வொருவரையும், மாறாக நிரூபிக்கும் வரை, குடியேற வருபவராகவே கருதச் சொல்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. மறுத்தால் மேன்முறையீடு இல்லை. முன்பு கூடுதலாகத் தங்கிய ஒருவர் இனித் தங்கமாட்டார் என்பதை எந்தக் காகிதத்தால் நிரூபிப்பது? ஓய்வூதியச் சீட்டும், வீட்டு உறுதியும், நான் இங்கே இருக்கிறேன் என்ற கடிதமும் கோவையில் இருந்தன. அவற்றை அதிகாரி கேட்கவில்லை.

விதிவிலக்குப் பற்றியும் தேடிப் படித்தேன். நிரந்தரமாகக் குடியேறுவோருக்கு அந்த மூன்று வருட, பத்து வருடத் தடையை நீக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தடையால் மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். யாருக்கு நேரும் துன்பம் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள கணவன், மனைவி, தாய், தகப்பன் ஆகியோருக்கு நேரும் துன்பம் மட்டுமே கணக்கில் வரும். பிள்ளைக்கு நேரும் துன்பம் வராது. தாய் வர முடியாததால் மகள் படும் பாடு அந்தப் பிரிவில் ஒரு பாடே அன்று. இதை எழுதியவர்கள் ஒரு காரணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். பிள்ளையைக் காரணம் காட்டி எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற அச்சமாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் தங்கை தனியே பட்டதை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மகளுக்குத் தாய் தேவைப்படும் நேரத்தை எந்தச் சட்டத்திலும் அப்படி விலக்கி வைக்க முடியும் என்று ஒப்ப மனம் வரவில்லை.

தங்கையின் குடும்பத்துக்கு 2021இல் கிறீன் கார்ட் கிடைத்தது. அதிலிருந்து ஐந்து வருடத்தில் அவள் குடியுரிமை கேட்கலாம். பெற்றோரை அழைக்க கிறீன் கார்ட் போதாது, குடியுரிமை வேண்டும். அது கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு வருடாந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. தடைக்காலமும் முடிந்துவிட்டதால் அம்மாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க வாய்ப்பு நன்றாகவே உண்டு. அதாவது, நான்கு மாதம் நின்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டால் மறுக்கும் அதே சட்டம், அங்கேயே வந்து குடியிரு என்றால் வழி விடுகிறது. அந்த அழைப்பு விண்ணப்பம் ஒருமுறை பதியப்பட்டால், குடியேறும் எண்ணம் எழுத்திலேயே பதிந்துவிடுவதால், வருகை விசா கிடைக்கும் வாய்ப்பு இன்னும் அருகிவிடும்.

அம்மாவுக்கு அங்கே குடியிருக்க விருப்பம் இல்லை. கிறீன் கார்ட் எடுத்தவர் நீண்ட காலம் வெளியே இருந்தால் அதுவும் கைவிட்டுப் போகும் என்பதை நான் சொன்னதிலிருந்து அவருடைய தயக்கம் இன்னும் கூடியிருக்கிறது. "எனக்கு அங்க இருக்கிறதுக்குக் கேக்கேல்லை, போய் வாறதுக்குத்தான் கேட்டனான்" என்கிறார். தங்கை குடியுரிமைப் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டாள். அழைப்பு விண்ணப்பத்துக்கு அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் மொழிபெயர்த்து அனுப்பும்படி எனக்கு எழுதியிருக்கிறாள். மொழிபெயர்ப்பு ஆயிற்று. அனுப்புவதற்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.